பெற்றோரை இழந்த பிள்ளையை வளர்க்கிறீர்களா? தமிழ்நாட்டில் மாத உதவித்தொகை வாங்குவதற்கான முழு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சேர்க்கைப் பதிவேட்டின் முன்னால் வந்து உட்காரும் அம்மாச்சிகளை எனக்கு நன்றாகத் தெரியும். மதுரைப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். கையில் மஞ்சப்பை, பைக்குள் ரேஷன் கார்டு, வாசலில் பேத்தி. மகள் இறந்துவிட்டாள், மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான் என்பதைப் பிள்ளை காதில் விழாதபடி குனிந்து சொல்வார்கள். கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "இவள ஏதாச்சும் இல்லத்துல சேத்துவிட முடியுமா டீச்சர்?"

பேத்தியைப் பிரிய அந்த அம்மாவுக்கு மனசே இருக்காது. நூறு நாள் வேலைக் கூலியில் இரண்டு வயிறு நிரம்பாது என்பதால் கேட்கிறார். இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டிய கடைசி முடிவு என்கிறது. வறுமையால் பிள்ளை வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக, வளர்க்கிற குடும்பத்துக்கே மாதாமாதம் பணம் கொடுக்கும் ஏற்பாட்டை அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குப் பெயர் நிதி ஆதரவு. அந்தப் பணத்தை வாங்குவதற்கு எங்கே போக வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும், எந்த இடத்தில் மனு சிக்கி நின்றுவிடும் என்பதையெல்லாம் இங்கே சொல்கிறேன்.

எந்தத் திட்டம் உங்களுக்கு?

மாத உதவிக்கு இப்போது முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு. ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். முன்பு இது 2,000 ரூபாயாக இருந்தது. 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகளில் உயர்த்தப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உரியது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் குழந்தை, கணவரை இழந்த அல்லது விவாகரத்தான அல்லது குடும்பத்தால் கைவிடப்பட்ட தாயின் குழந்தை, பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் உள்ள குழந்தை, விபத்தில் முடங்கிப்போய் உடலாலும் பணத்தாலும் பிள்ளையைக் கவனிக்க முடியாத பெற்றோரின் குழந்தை ஆகியோர் இதில் வருவார்கள். குழந்தைத் தொழிலாளராக இருந்து மீட்கப்பட்டவர்கள், குழந்தைத் திருமணத்துக்கு உள்ளானவர்கள், எச்.ஐ.வி. பாதிப்புள்ளவர்கள், மாற்றுத்திறன் குழந்தைகள் போன்றோரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். குடும்ப வருமான வரம்பு கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் கிராமத்தில் 6,000, நகரத்தில் 8,000.

இரண்டாவது, தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 15-இல் 6,082 குழந்தைகளுடன் தொடங்கப்பட்டது. மாதம் 2,000 ரூபாய். தாய் தந்தை இருவரையும் இழந்து உறவினர் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் உரியது. 18 வயது வரையிலான பள்ளிப் படிப்புக்கு இந்தத் தொகை. பள்ளி முடித்த பிறகு கல்லூரிப் படிப்புக்கும் திறன் பயிற்சிக்கும் வழி செய்வதாகவும் திட்டத்தில் சொல்லப்பட்டுள்ளது.

இரண்டில் எது பொருந்தும் என்று வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டையும் பற்றி ஒரே அலுவலகத்தில் கேட்கலாம். உங்கள் நிலைமையை முழுதாகச் சொல்லுங்கள். எதில் சேர்ப்பது என்பதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். ஏற்கெனவே ஏதாவது உதவித்தொகை வந்துகொண்டிருந்தால் அதை மறைக்காமல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் வருகிற பணமும் நின்றுபோகும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணவரை இழந்த எல்லாருடைய பிள்ளைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும், இன்றே கடைசி நாள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிச் சுற்றி வரும். அதை நம்பி வேலையைப் போட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கடைசி நாள் எதுவும் இல்லை. ஆனால் மனு கொடுத்த எல்லாருக்கும் கிடைத்துவிடுவதும் இல்லை. நிலைமையை விசாரித்து, நிதி ஒதுக்கீட்டைப் பார்த்து, மாவட்டக் குழு ஒப்புதல் தந்தால்தான் கிடைக்கும்.

அப்பா உயிரோடு இருந்தால்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. அம்மா இறந்துவிட்டாள், அப்பா எங்கேயோ இருக்கிறார், ஆனால் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளை அனாதை இல்லையே, எப்படி மனு கொடுப்பது என்று தயங்கியே பல வருடத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஆதரவற்ற குழந்தை யார் என்பதற்கு இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு விளக்கம் தருகிறது. பெற்ற அல்லது தத்தெடுத்த பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ இல்லாத குழந்தை ஒரு வகை. பாதுகாவலர் இருந்தும், அவருக்குப் பிள்ளையைப் பராமரிக்க விருப்பமோ திறனோ இல்லையென்றால், அந்தக் குழந்தையும் ஆதரவற்ற குழந்தைதான். ஆகவே, உயிரோடு இருக்கிற அப்பாவைக் காரணம் காட்டி யாராவது வாய்மொழியாக உங்களைத் திருப்பி அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள். அப்பா எப்போது போனார், கடைசியாக எப்போது பணம் கொடுத்தார், பிள்ளை யாரிடம் எத்தனை வருடமாக இருக்கிறாள் என்பதை எழுத்தில் கொடுங்கள். அது உண்மையா என்று விசாரிப்பது அலுவலகத்தின் வேலை.

ஒரே ஒரு எச்சரிக்கை. உயிரோடு இருப்பவரை இறந்துவிட்டார் என்று எழுதாதீர்கள். அப்படி எழுதச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். விசாரணையில் மாட்டிக்கொண்டால் உண்மையான காரணமும் எடுபடாமல் போய்விடும்.

முதல் படி: எங்கே போவது

நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பெரும்பாலான மாவட்டங்களில் கலெக்டர் அலுவலக வளாகத்திலோ அதன் பக்கத்திலோ இருக்கும். வளாகத்தில் யாரிடம் கேட்டாலும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். சமூகநலத் துறை வேறு, இது வேறு. இது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறையின் கீழ் வருகிறது. முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்று பெயர் இருந்ததால், பழைய ஆட்கள் இன்னும் அப்படியே சொல்வார்கள். அங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும், இல்லம் சாரா பராமரிப்பை, அதாவது பிள்ளையை இல்லத்தில் சேர்க்காமல் குடும்பத்தில் வைத்தே வளர்ப்பதை, கவனிக்கும் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் இருப்பார்கள். நிதி ஆதரவு மனுக்களைப் பார்ப்பவர் இந்த இரண்டாமவர்தான். அவரைக் கேட்டுப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 1098-ஐ அழைக்கலாம். குழந்தைகளுக்கான கட்டணமில்லா உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பிள்ளையின் நிலைமையைச் சொன்னால் உங்கள் மாவட்ட அலகுக்குத் தகவல் போகும். ஊரிலேயே ஆரம்பிக்க நினைத்தால் அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர் ஆகிய மூன்று பேரில் ஒருவரைப் பிடியுங்கள். ஊராட்சி மட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. இவர்கள் மூலமாக அந்தக் குழுவில் உங்கள் பிள்ளையின் பெயரை எழுத வைத்தால், பின்னால் விசாரணைக்கு அதுவே ஒரு சான்று.

படிவத்துக்குப் பணம் கிடையாது. மனு எழுதித் தருகிறேன், ஆள் தெரியும் என்று யாராவது 500, 1,000 கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: காகிதங்கள்

பொதுவாகக் கேட்பவை: குழந்தையின் பிறப்புச் சான்று அல்லது மாற்றுச் சான்றிதழ், குழந்தையின் ஆதார், வளர்ப்பவரின் ஆதார், குடும்ப அட்டை, பெற்றோரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படங்கள். நோய் அல்லது ஊனம் காரணம் என்றால் மருத்துவச் சான்றோ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ வேண்டும். கணவர் கைவிட்டிருந்தால் அதற்கான சான்றை வட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். அந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

பட்டியலைப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். சிக்கல் நான்கு இடத்தில் வரும்.

இறப்புச் சான்று. ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் பதிவு ஆகியிருக்கும், நகல் எடுப்பது சுலபம். வீட்டிலோ வெளியூரிலோ இறந்தவர்களுக்குப் பல குடும்பங்கள் பதிவே செய்வதில்லை. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியரின் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். இதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள். சான்று கைக்கு வரும்வரை காத்திருக்காமல், விண்ணப்பித்த ரசீதை இணைத்து நிதி ஆதரவு மனுவைக் கொடுத்துவிடலாமா என்று அலுவலரிடம் கேளுங்கள்.

வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதுவார், வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், வட்டாட்சியர் வழங்குவார். இங்கே கவனிக்க வேண்டியது, குடும்ப அட்டையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. அம்மாச்சியின் பெயர் மகன் வீட்டு அட்டையில் இருந்தால், அந்த மகனின் சம்பளமும் கணக்கில் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். உண்மையிலேயே தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால், தனி அட்டைக்கு முதலில் ஏற்பாடு செய்யுங்கள். பழைய வருமானச் சான்றை வைத்து மனு போடாதீர்கள், திரும்பி வரும்.

குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர். பெரும்பாலும் அது அப்பா வீட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். அப்பா வீட்டார் ஒத்துழைக்காவிட்டால் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள், பள்ளிச் சான்றில் உங்கள் முகவரி இருந்தால் அதையும் இணையுங்கள்.

பெயரும் இனிஷியலும். இது நம் ஊருக்கே உரிய தொல்லை. பள்ளியில் மு. கவிதா, ஆதாரில் கவிதா முருகன், வங்கியில் கவிதா எம். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிறப்புச் சான்றில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள், ஆதாரில் உள்ளபடி வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரட்டை வேலை. பிள்ளைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையையும் கண்விழிப் பதிவையும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், கொடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: வங்கிக் கணக்கு

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். உதவித்தொகை நேரடியாகக் கணக்கில் வரும். குழந்தையின் பெயரில் கணக்கு கேட்பார்கள். அம்மா இருந்தால் அம்மாவைப் பாதுகாவலராகப் போட்டுக் கணக்கு தொடங்கிவிடலாம். பாட்டி, பெரியம்மா, தாய்மாமன் என்றால் வங்கியில் யோசிப்பார்கள். வங்கி விதிப்படி சிறுவர் கணக்கை இயல்பான பாதுகாவலரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் தொடங்க முடியும். பாட்டி இரண்டிலும் வர மாட்டார். "கோர்ட் ஆர்டர் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பத்து வருடம் சோறு போட்டு வளர்த்த அம்மாச்சியிடம் நீ யார் என்று கேட்கிற மாதிரி இருக்கும் அது. என்னோடு வந்த ஒரு அம்மாச்சி வங்கி வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்திருந்தால் வழி சுலபம். பத்து வயதுக்குக் குறையாத சிறுவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வழிகாட்டியிருக்கிறது. கிளை மேலாளரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வங்கி மறுத்தால் இன்னொன்று, அதுவும் இல்லையென்றால் அஞ்சலகம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கையும் பத்து வயதுக்கு மேல் பிள்ளையின் பெயரிலேயே தொடங்கலாம்.

பத்து வயதுக்குக் கீழே என்றால், முதலில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் சிக்கலைச் சொல்லுங்கள். குழந்தை இன்னார் பராமரிப்பில் இருக்கிறது என்று அலகிலிருந்தோ குழந்தைகள் நலக் குழுவிலிருந்தோ எழுத்து வாங்கிப் போனால் வங்கியில் பேச்சு மாறும். குழந்தைகள் நலக் குழு என்பது சட்டப்படி அமைந்த குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர். மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும் என்பது விதி. பிள்ளை யார் பராமரிப்பில் இருக்கலாம் என்று உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

கணக்கு தொடங்கும்போது குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்காகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பணம் வருவதற்கு முன்னாலேயே அபராதம் கழிந்துகொண்டிருக்கும். அப்புறம், ஆதாரை இணைத்தாயிற்று என்று வங்கியில் சொன்னால், அரசு மானியம் வருவதற்கான இணைப்பும் செய்தாயிற்றா என்று தனியாகக் கேளுங்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது ஒரு வேலை, அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி இணைப்பது வேறு வேலை. பள்ளி உதவித்தொகைக்காக முன்பே ஒரு கணக்கு இருந்தால் பணம் அதற்குப் போகக்கூடும். அந்தப் புத்தகத்தையும் தேடி எடுத்துப் பாருங்கள்.

நான்காம் படி: மனு

அச்சடித்த படிவம் அலுவலகத்தில் கிடைக்கும், பல மாவட்டங்களின் இணையதளத்திலும் இருக்கும். படிவத்தோடு ஒரு பக்கத்தில் உங்கள் சொந்த எழுத்தில் ஒரு மனுவும் இணையுங்கள். படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காததை அங்கேதான் சொல்ல முடியும். இப்படி எழுதலாம்:

"பெறுநர்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், ........ மாவட்டம்.
ஐயா/அம்மா, என் மகள் ........ கடந்த ........ தேதி இறந்துவிட்டார். அவருடைய மகள் ........ (வயது ..) அன்று முதல் என் பராமரிப்பில் இருக்கிறாள். குழந்தையின் தந்தை ........ ஆம் ஆண்டு முதல் எங்களோடு தொடர்பில் இல்லை, செலவுக்கும் எதுவும் தருவதில்லை. குழந்தை ........ பள்ளியில் .. ஆம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு வயது .. . கூலி வேலை செய்து மாதம் சுமார் ........ ரூபாய் ஈட்டுகிறேன். முதியோர் உதவித்தொகை பெறுகிறேன் / பெறவில்லை. குழந்தையை என்னுடனேயே வைத்து வளர்க்க விரும்புகிறேன். அவளுடைய படிப்புக்கும் பராமரிப்புக்கும் நிதி ஆதரவு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

என்னுடனேயே வைத்து வளர்க்க விரும்புகிறேன் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். திட்டம் எதற்காக இருக்கிறதோ அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

அக்கா, தம்பி என்று இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம். எத்தனை பேருக்கு ஒப்புதல் என்பது குழுவின் முடிவு. கேட்காமல் விட்டால் அந்தப் பிள்ளையின் பெயர் அவர்கள் மேஜைக்கே போகாது.

கொடுத்ததும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இது இல்லாமல் பின்னால் எங்கேயும் பேச முடியாது.

ஐந்தாம் படி: வீட்டு விசாரணை

அலகிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். சமூக விசாரணை அறிக்கை என்று ஒன்று தயாரிப்பார். குழுவின் முன்னால் போவது பெரும்பாலும் அந்த அறிக்கைதான்.

இதற்குப் பயந்து வீட்டைக் கடன் வாங்கி ஒழுங்கு செய்ய வேண்டியதில்லை. ஒழுகுகிற கூரையை மறைக்கவும் வேண்டாம், இல்லாத கஷ்டத்தைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். வருபவர் பார்ப்பது, பிள்ளை இந்த வீட்டில் பத்திரமாக, அன்பாக இருக்கிறாளா, பள்ளிக்குப் போகிறாளா, பணம் வந்தால் அவளுக்குப் போய்ச் சேருமா என்பதைத்தான். பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார்கள், பள்ளியிலும் கேட்பார்கள். ஆகவே வகுப்பு ஆசிரியரிடம் மனு போட்டிருப்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் தாராளமாக விடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குப் பாடம் நடத்தாதீர்கள். அது முகத்திலேயே தெரிந்துவிடும், பிள்ளைக்கும் அது பெரிய பாரம்.

ஆனால் பிள்ளையிடம் ஒன்றை மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். யாரோ வந்து விசாரித்தால், நம்மை எங்கேயோ கொண்டுபோகப் போகிறார்கள் என்றுதான் அந்த வயதில் தோன்றும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், விசாரணைக்கு ஆள் வந்த அன்று பள்ளிக் கழிப்பறையில் ஒளிந்துகொண்டான். "நீ இங்கதான் இருக்கப் போற, அதுக்குத்தான் அவங்க வர்றாங்க" என்று முந்தின நாளே சொல்லியிருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது.

ஆறாம் படி: காத்திருப்பதும் கேட்பதும்

நிதி ஆதரவு மற்றும் வளர்ப்புப் பராமரிப்பு ஒப்புதல் குழு மாவட்ட அளவில் கூடி முடிவெடுக்கும். மாதங்கள் ஆகலாம். மனு கொடுத்துவிட்டுப் பணம் வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டால், விடுபட்ட ஒரு நகலுக்காக அது கட்டுக்குள்ளேயே கிடக்கும், யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். மாதம் ஒருமுறை போன் செய்து, என் மனு எந்த நிலையில் இருக்கிறது, ஏதாவது குறைகிறதா என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மூன்று நான்கு மாதம் ஆகியும் பதிலே இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள், முதல் மனுவின் நகலை இணைத்து. 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறையிடமும் பதியலாம். அதற்கும் நகரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம். இந்தத் தேதியில் கொடுத்த மனு மீது என்ன நடவடிக்கை, விசாரணை அறிக்கை எந்தத் தேதியில் தயாரானது, குழு எந்தத் தேதியில் கூடியது என்று மூன்றே கேள்வி போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நிராகரித்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் ஒரு சான்றிதழ்தான் என்றால் சரிசெய்து மறுபடி கொடுங்கள்.

பணம் வந்த பிறகு

இந்தப் பணம் பிள்ளையுடையது. சத்தான சாப்பாடு, உடுப்பு, மருந்து, நோட்டு, பஸ் செலவு எல்லாம் அதில் அடங்கும். அரிசி வாங்கினால் வீட்டில் எல்லாரும்தான் சாப்பிடுவார்கள், அதில் தவறில்லை. மாமாவின் கடன் தவணைக்குப் போவதுதான் தவறு. செலவை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் மறுஆய்வுக்கு வரும்போது கைகொடுக்கும்.

பள்ளிக்கு ஒழுங்காகப் போகாவிட்டால் உதவி நிறுத்தப்படலாம். அம்மை போட்டோ காய்ச்சலிலோ நீண்ட விடுப்பு என்றால் பள்ளியில் எழுதிக் கொடுத்து, மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறினாலும், பிள்ளையை வேறு ஊரில் உறவினரிடம் விட்டாலும், விடுதியில் சேர்த்தாலும் அலகுக்குச் சொல்லுங்கள். வளர்க்கும் பாட்டிக்கே உடம்பு முடியாமல் போனால் அடுத்து யார் என்பதையும் முன்பே அவர்களிடம் பேசி வைப்பது நல்லது.

ஏற்கெனவே இல்லத்தில் சேர்த்துவிட்டவர்களுக்கும் வழி அடைக்கவில்லை. இல்லத்திலிருந்து குடும்பத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கும் நிதி ஆதரவு உண்டு, மறுவாழ்வு நிதி ஆதரவு என்று அதற்குப் பெயர். குழந்தைகள் நலக் குழுவிடம், பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ள விரும்புகிறேன், செலவுக்கு உதவி வேண்டும் என்று சேர்த்தே மனு கொடுங்கள்.

கூடவே கேட்க வேண்டியவை

அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் 1 முதல் 12 வரை படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 75,000 ரூபாய் பிள்ளையின் பெயரில் வைப்பு நிதியாகப் போடப்படும். தலைமையாசிரியர் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே இருக்கிற உதவி இது, ஆனாலும் பலருக்குத் தெரியாமலேயே போகிறது. விபத்து நடந்த வீடு என்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களை உடனே வாங்கி வையுங்கள்.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2021-இல் தலா 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதி போட்டது. ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் நிவாரணத் தொகை அறிவித்தது. மத்திய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு 23 வயதில் 10 லட்சம். அந்தப் பிள்ளைகள் இப்போது ஒவ்வொருவராக 18-ஐத் தொடுகிறார்கள். பத்திரங்களும் கடிதங்களும் எங்கே இருக்கின்றன என்று இப்போதே பாருங்கள்.

எச்.ஐ.வி. பாதித்த பிள்ளைகளுக்கெனத் தமிழகத்தில் 2009-இல் தொடங்கிய தனி அறக்கட்டளை உண்டு. கூட்டுமருந்து சிகிச்சை மையத்தின் ஆலோசகரிடம் கேளுங்கள். கல்லூரிக்குப் போகும்போது, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய்.

புகைப்படம் வேண்டாம்

உதவி கொடுக்கிறோம் என்று வருபவர்கள் பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்துப் போடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பள்ளியிலும் பிரார்த்தனைக் கூட்டத்தில் வைத்து அனாதைப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள் என்று கூப்பிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: விவரம் வேண்டுமென்றால் வளர்ப்பவரை வரச்சொல்லித் தனியாகக் கேளுங்கள்.

பதினெட்டு வயதாகும்போது

பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே அலகுக்கு ஒருமுறை போய்வாருங்கள். உதவி எந்த மாதத்தோடு நிற்கும், பன்னிரண்டாம் வகுப்பு பாதியில் இருந்தால் என்ன செய்வது, அடுத்து எதில் சேரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 18 ஆனதும் சிறுவர் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். புதிய கையெழுத்து, புதிய புகைப்படம், ஆதார், பான் அட்டை. மாற்றாமல் விட்டால் வங்கியில் பணம் எடுப்பதை நிறுத்தி வைத்துவிடுவார்கள், அது பெரும்பாலும் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற வாரமாகவே இருக்கும். அன்றைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இத்தனை வருடம் நீங்கள் சேர்த்து வைத்த அந்த பிளாஸ்டிக் உறையில் எது எது இருக்கிறது என்று எடுத்துக் காட்டி, அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.